பச்சை நோட்டில் ஒரு கட்டைவிரல்

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் கிடைத்தது. இந்த ஆண்டு மாற்றுத்திறனாளிகள் தின விழாவை, நம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள்தான் எடுத்து நடத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தது. மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற தொழிலாளர் ஆய்வாளர் என்ற முறையில் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள் என்றும் இருந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. விழா மலருக்கு மறக்க முடியாத பணி அனுபவம் ஒன்றை நான்கு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, லாட்ஜ், ஜவுளிக்கடை என்று நான் ஏறி இறங்காத படி கிடையாது. கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. நான் ஆள் குட்டை, கோபம் அதிகம். அதனால் அலுவலகத்தில் எனக்கு 'முண்டு மிளகாய்' என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், உள்ளூர அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

கைதட்டல் வாங்குகிற கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். இரண்டு வாட்ச்மேன்கள். ஒருவருக்குப் போலியோவால் கால் சூம்பியிருந்தது. அவருக்கு மட்டும் சம்பளம் குறைவு. ஏன் என்று கேட்டேன். "அவரு உக்காந்துதானே மேடம் இருக்காரு" என்றார் மேனேஜர். இன்னொரு வாட்ச்மேனும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டுதான் இருந்தார். "நீங்க கல்லாவுல நின்னுக்கிட்டா இருக்கீங்க? நானும் ஆபீஸ்ல உக்காந்துதான் சம்பளம் வாங்குறேன், எனக்கும் குறைச்சுரலாமா?" என்று கேட்டு, அங்கேயே இருவருக்கும் ஒரே சம்பளம் என்று எழுத வைத்துவிட்டு வந்தேன். இந்தக் கதையைப் பல வருடங்களாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கை தட்டுவார்கள். சொல்லாமல் வைத்திருந்த கதை வேறு ஒன்று. அதில் தப்பு செய்தவள் நான்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த நேரம். மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் கொடுத்த முதலாளிகள் யாராவது உங்கள் பகுதியில் இருந்தால் பரிந்துரை செய்யுங்கள், விழாவில் கௌரவிப்போம் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எனக்கு உச்சிப்புளி பக்கம் இருந்த ஒரு நண்டுக் கம்பெனி ஞாபகம் வந்தது. அவித்த நண்டின் சதையை எடுத்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். அதற்கு முந்தின மாதம்தான் ஆய்வுக்குப் போயிருந்தேன். நாற்பது பெண்கள் நீள மேசைகளில் உட்கார்ந்து சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் தனியாக ஒரு பெண், ஐஸ் மேல் வைத்த தட்டில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். பார்வை இல்லாதவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"புதுமடத்துப் புள்ள மேடம். பேரு மைமூன். வீட்டுல சும்மா கெடந்துச்சு. பாவம், இங்கன வந்து நாலு பேரோட உக்காந்திருக்கட்டும்னு நாந்தான் வரச் சொன்னேன். மாசம் பொறந்தா ஒரு கவர்ல வச்சு ஏதாச்சும் கொடுத்துருவேன். கணக்கெல்லாம் பாக்குறதில்ல" என்றார் முதலாளி.

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பதிவேடுகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. டீ குடித்தேன். கிளம்பும்போது பார்சல் கட்டிக் கொடுத்த நண்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். நண்டு வாங்காத அதிகாரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுற்றறிக்கை வந்ததும் உட்கார்ந்து என் கையாலேயே பரிந்துரைக் கடிதம் எழுதினேன். எந்தப் பலனும் எதிர்பாராமல் பார்வையற்ற பெண் ஒருவருக்குத் தம் நிறுவனத்தில் இடமளித்து, மாதந்தோறும் உதவி செய்து ஆதரித்து வரும் பெருந்தகை என்று எழுதினேன். 'பெருந்தகை' என்ற சொல்லை யோசித்துத் தேடிப் போட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. முதலாளிக்கும் அதில் ஒரு நகல் அனுப்பிவைத்தேன்.

விழா ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு ஏழு படி. சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கீழேயே இருந்தார்கள். அவர்களுக்கான விழா, அவர்கள் கீழே. மேலே நாங்கள் எல்லோரும் நல்ல கால்களோடு நின்றுகொண்டிருந்தோம். நான் மைக்கைப் பிடித்து, அந்த முதலாளியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்கள். மைமூனைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்து, அவள் கையாலேயே முதலாளிக்குப் பொன்னாடை போர்த்த வைத்தோம். அந்தக் காட்சியை ஏற்பாடு செய்தவளும் நான்தான். அவள் கையைப் பிடித்தபோது வலது கட்டைவிரலில் நீல மை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்கே மை பட்டதோ என்று நினைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

விழா முடிந்து டீயும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

"லேபர் ஆபீசர் மேடம்தானே நீங்க? மைக்குல பேசுனது நீங்கதானே?" என்றாள். குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆமாம்மா."

"சம்பள லிஸ்ட்டுல என் பேரு எப்ப மேடம் ஏறும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க முதலாளிதான் உங்களை நல்லா பார்த்துக்கிறாரே" என்றேன்.

"பாத்துக்கிறாரு. விருந்தாளின்னுதான் சொல்லுறாரு. விருந்தாளிக்கு யாராச்சும் தெனம் எட்டு மணி நேரம் ஐஸ் தட்ட முன்னால வைப்பாகளா மேடம்?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலாளி மேல் கோபம் வரவில்லை. அவள் மேல்தான் வந்தது. இத்தனை பேர் கூடி விழா எடுத்திருக்கிறோம், இந்தப் பெண்ணுக்கு நன்றி இல்லையே என்று நினைத்தேன். வடைத் தட்டை அவள் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். முப்பது வருட சர்வீஸ். கூலி கேட்ட தொழிலாளியிடம் நன்றியை எதிர்பார்த்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு அவமானமாக இருக்கிறது.

இரண்டு நாள் அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து மைமூன் இறங்கினாள். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"வேன் உங்க ஊர் வழியாத்தானே வருது, அதுல வரலையா?" என்று கேட்டேன்.

"வேனு தொழிலாளிகளுக்கு மட்டும்தான் மேடம். நான் ஏறுனா இன்சூரன்ஸ்ல கொளறுபடி ஆகிப்போகுமாம். எங்க தெருவுல நின்னுதான் மூணு பேர ஏத்திக்கிட்டு வருது. நான் ஆட்டோக்கு நிப்பேன்."

உள்ளே போனேன். சம்பளப் பதிவேட்டைக் கேட்டேன். நாற்பது பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. வருகைப் பதிவேட்டிலும் இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர் வில்லை உண்டு. சதை எடுத்த தட்டில் அந்த வில்லையைப் போட்டு அனுப்பினால், எடை பார்த்து அந்த நம்பரில் எழுதுவார்கள். மைமூனுக்கு வில்லையே கிடையாது.

"மேடம், அது வேலைன்னு சொன்னா நல்லாருக்குமா?" என்றார் முதலாளி. "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி. பொழுது போகாம தட்டத் தொட்டுக்கிட்டு இருக்கு. கண்ணு தெரியாத புள்ளகிட்ட வேல வாங்குறேன்னு நீங்க எழுதுனா ஊரு காறித் துப்பாதா என்னைய?"

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். வேலை வாங்குவது அவருக்கு அவமானம் இல்லை. வாங்குகிறார் என்று எழுதுவதுதான் அவமானம். அது போதாதென்று இன்னொன்றையும் சொல்லி வைத்திருந்தார். அவள் பெயர் சம்பள லிஸ்ட்டில் ஏறினால் அரசாங்கம் கொடுக்கிற மாதாந்திர உதவித்தொகை நின்றுபோகும் என்று அவள் வீட்டில் போய்ப் பயம் காட்டியிருக்கிறார். அது நிஜமா என்று கேட்டுச் சொல்லவேண்டிய அதிகாரிகள் நாம். நம்மில் ஒருவரும் அந்தத் தெருப்பக்கம் போனதில்லை. பின்னால் விசாரித்துப் பார்த்தால், அவளுக்கு அப்படி ஒன்றும் நிற்கவில்லை.

அங்கிருந்த பெண்களிடம் கேட்டேன். தலையைத் தூக்காமல் நண்டைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் வேனில் ஏறவேண்டியவர்கள் அவர்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுத்தில் இல்லாததை நம் துறையில் எப்படி நிரூபிப்பது?

அப்போது மைமூன் தட்டிலிருந்து கையை எடுத்துத் துணியில் துடைத்தாள். எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்க என்ன நோட்டு கேட்டீங்க?"

"சம்பள நோட்டு, வருகை நோட்டு."

"அதுல நான் இருக்க மாட்டேன். ஆனா தெனம் ரெண்டு வாட்டி என் கட்டவெரல்ல மையத் தடவி ஒரு நோட்டுல அமுக்குறாக. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு வருசமா அமுக்குறாக. அது என்ன நோட்டுன்னு எனக்குத் தெரியாது. நீங்க தேடிப் பாருங்க. உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல."



பிள்ளைகளே, நம் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆய்வுக்குப் போனால் இன்ன இன்ன பதிவேடுகளைப் பார்க்கவேண்டும் என்று அதில் இருக்கும். நாம் அதைக் கேட்போம், அவர்கள் எடுத்து வைப்பார்கள். நமக்கென்றே அட்டை போட்டு, நமக்கென்றே எழுதி வைத்த நோட்டுகள் அவை. அவற்றில் டிக் போட்டுவிட்டு, பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுவோம். ஒரு கம்பெனியில் வேறு யாருக்காக, என்னென்ன நோட்டு எழுதுகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் ஜெசிந்தா என்று ஒரு பெண், தங்கச்சிமடத்துக்காரி. அவளைப் பார்த்து, "எந்த நோட்டும்மா அது?" என்றேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள். "இது வெளிநாட்டுல வாங்குறவுகளுக்காக நாங்க எழுதுறது மேடம். நீங்க இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றாள்.

வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள் கண்டிப்பானவர்கள். டப்பாவில் நண்டு ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்து சாப்பிடுகிறவன் பல்லில் பட்டுவிட்டால், அந்த டப்பாவைக் கடைசியாகச் சோதித்தது யார் என்று அவர்களுக்குப் பெயர் வேண்டும். அதற்காகவே அந்த நோட்டு. திறந்தேன். தேதி, லாட் எண், ஓடு பார்த்தவர். மைமூன், கட்டைவிரல். மைமூன், கட்டைவிரல். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தக் கம்பெனியிலிருந்து போன ஒவ்வொரு டப்பாவும் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. கண் உள்ளவர்கள் விளக்கு வெளிச்சத்தில் தேடியும் தப்புகிற ஓட்டுத் துண்டு அவள் விரலில் தப்பாது. அதற்காகத்தான் அவளை வைத்திருந்தார் அந்தப் பெருந்தகை. ஐஸிலும் ஓட்டிலும் தேய்ந்து தேய்ந்து அவள் விரல் ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை மெஷின்கூட அவளை ஏற்றுக்கொள்வதில்லை. நோட்டில் பார்த்தால் பழைய பக்கங்களில் ரேகை இருக்கிறது, புதிய பக்கங்களில் வெறும் நீலத் திட்டுதான் இருக்கிறது.

தப்பு நடந்தால் பழி போட ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக அங்கே அவள் பெயர் மூன்று வருடமாக இருந்தது. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் அவள் விருந்தாளி. கவரில் வைத்து அவர் கொடுத்தது, மற்றப் பெண்கள் வாங்குவதில் பாதிகூடக் கிடையாது.

கேஸ் எழுதினேன். மூன்று வருடத்துக் கூலி வித்தியாசம், சம்பளப் பதிவேட்டில் பெயர், மற்றவர்களுக்கு உள்ள எல்லாச் சலுகையும். மைமூனிடம் படித்துக் காட்டினேன். "உதவித்தொகை நின்னு போகும்னு வீட்ல பயப்படலையா?" என்று கேட்டேன். "நின்னா நிக்கட்டும் மேடம். சம்பளம் வந்தா உதவி எதுக்கு?" என்றாள். "வேன எழுதிட்டீகளா?" என்று ஒன்றை மட்டும் கேட்டாள். எழுதியிருந்தேன்.

விசாரணை எங்கள் மேலதிகாரி முன்னால் நடந்தது. மைமூன் தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். முதலாளிக்கு ஒரு வக்கீல். பச்சை நோட்டுகளை நான் மேசையில் அடுக்கினேன். வக்கீல் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஐயா, இந்தப் பெண் என் கட்சிக்காரரிடம் தொழிலாளி அல்ல. அவருடைய ஆதரவில் இருப்பவர். மாதந்தோறும் உதவி பெறுபவர். இதை நான் சொல்லவில்லை, அரசாங்கமே சொல்லியிருக்கிறது" என்றார். பிறகு நிறுத்தி நிதானமாக வாசித்தார். எந்தப் பலனும் எதிர்பாராமல். இடமளித்து. உதவி செய்து ஆதரித்து வரும் பெருந்தகை. கடைசியில் என் பெயரையும் பதவியையும் வாசித்துவிட்டு, கடிதத்தை மேலதிகாரியிடம் நீட்டினார்.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார். நான் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். "சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று ஒத்திவைத்தார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேண்டீனில் சக அதிகாரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கிளார்க் ரெடி பண்ணுன லெட்டர், படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லிருங்க மேடம். ரெண்டு வருசத்துல ரிட்டயர்மென்ட். பொய் சர்டிபிகேட் கொடுத்தீங்கன்னு மெமோ வந்தா பென்ஷன் இழுத்துக்கும்" என்றார்கள். எல்லோரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்தில் இருந்தது, டைப் அடித்ததுகூட இல்லை.

கை கழுவப் போன இடத்தில் முதலாளி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "எதுக்கு மேடம் உங்களுக்கு இந்தத் தலவலி? அடுத்த மாசத்துல இருந்து பேரு போட்டுக்கிறேன். முழுச் சம்பளம், வேனு, எல்லாம் தாரேன். பழச மட்டும் விட்டுருங்க. உங்க லெட்டர நானும் வாபஸ் வாங்கிக்கிறேன். அதுக்கு ஒத்துக்கலேன்னா நாளைக்கே அந்தப் புள்ளய நிப்பாட்ட வேண்டி வரும், அதையும் சொல்லிட்டேன்."

நான் அதற்கு ஆசைப்பட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, வேலையும் போகாது என்று ஒரு நிமிடத்தில் என் மனசு நியாயம் கட்டிவிட்டது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் மைமூன். பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொன்னேன். வேலை நிலைக்கும், வேன் வரும், பழசை நினைத்து என்ன ஆகப்போகிறது என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"மூணு வருசம் நான் அங்கன சும்மாவா மேடம் உக்காந்திருந்தேன்?"

முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"உள்ள படிச்சாகளே அந்த லெட்டரு, நெசமாவே நீங்க எழுதுனதா மேடம் அது?"

"ஆமாம்மா. நான் எழுதினது."

"அப்ப இந்தப் பேச்ச எனக்காகப் பேசுறீங்களா, உங்களுக்காகப் பேசுறீங்களா?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். "வேல போனா போகட்டும். அல்லா இன்னொரு வழி விடுவான். நான் செஞ்சது வேலதான்னு இன்னைக்கு எழுதி வாங்கணும் மேடம். அத விட்டுக்கொடுத்துட்டு வேன்ல ஏறுனா, அதுவும் அவரு போட்ட பிச்சையாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.

மத்தியானம் மீண்டும் கூடியபோது நான் எழுந்து நின்றேன். அந்தக் கடிதம் நான் எழுதியது, கிளார்க் எழுதியதல்ல என்று சொன்னேன். அந்தக் கம்பெனியில் நான் அரை மணி நேரம் இருந்தேன், டீ குடித்தேன், அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று முதலாளியிடம் கேட்டேன், அவளிடம் கேட்கவில்லை என்றேன். வேலையைப் பார்த்துவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைத்தேன், கடிதம் தவறு, நான் செய்தது தவறு என்றேன். இதை எழுத்தில் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டேன். வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். மேலதிகாரி கையமர்த்திவிட்டு, என் பக்கம் பார்க்காமல் ஒவ்வொரு வரியாகச் சொல்லி எழுத வைத்தார். அதன் பிறகுதான் பச்சை நோட்டுகளைத் திறந்தார்.

உத்தரவு மைமூனுக்குச் சாதகமாக வந்தது. மூன்று வருடத்துக்கும் சேர்த்தே வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, அதுவும் நியாயமானதுதான். முதலாளி சொன்னபடியே அவளை நிறுத்திப் பார்த்தார். ஒரு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த மாதம் போன லாட் ஒன்று ஓட்டுத் துண்டு கிடந்ததென்று திரும்பி வந்தது. பிறகு அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேன் வாசலுக்கு வரும் என்றால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அவள் வில்லைக்கு நாற்பத்தொன்றாம் நம்பர்.

ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். இனிப்பு வாங்கிக்கொண்டு புதுமடத்துக்குப் போனேன். இனிப்பை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னது இது:

"என்னையப் பத்தித் தப்பா சொன்னத மண்டபத்துல மைக்கு வச்சுச் சொன்னீங்க மேடம். ஊரே கேட்டுச்சு. எங்க தெருவுல இன்னமும் நான் அவரு தயவுல கஞ்சி குடிக்கிறவதான். அது தப்புன்னு சொன்னத மட்டும் கதவச் சாத்திக்கிட்டு அஞ்சு பேருகிட்டச் சொன்னா போதுமா?"

போதாது. அடுத்த வருட விழாவில் பேச வாய்ப்புக் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றார்கள். உண்மையில் நான் அழுத்திக் கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். நல்லதாகப் போயிற்று என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆத்திரம் அதிகம் உள்ளவள், முண்டு மிளகாய், எதற்கும் அஞ்சாதவள் என்று பெயர் எடுத்தவளின் லட்சணம் இது.

ஆகவே உங்கள் பொன்னாடை எனக்கு வேண்டாம். மைக்கை ஐந்து நிமிடம் கொடுங்கள், போன தடவை புகழ்ந்து பேச எடுத்துக்கொண்ட அதே ஐந்து நிமிடம். மேடைக்குச் சாய்தளம் போடுங்கள். போட முடியாது என்றால் மேடையே வேண்டாம், எல்லோரும் கீழே நின்று பேசுவோம்.

போன வாரம் மைமூனிடம் போனில் பேசினேன். விழாவுக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

"வாரேன் மேடம். ஆனா அன்னைக்குக் கம்பெனிக்கு லீவு போடணும். தட்டுக் கணக்குச் சம்பளம், போகலேன்னா கூலி இல்ல. அந்தக் கூலிய யாரு தருவா?"

"நான் தாரேன்மா" என்றேன்.

"நீங்க தந்தா அது உதவி மேடம். கூப்புடுறது ஆபீசு. ஆபீசுல இருந்து வாங்கிக் குடுங்க."

விழாச் செலவுப் பட்டியலில் பொன்னாடைக்கு ஒதுக்கியிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் அவள் பெயரை எழுதி, நேராகக் கூலி என்று போடுங்கள்.